புதுக் கணக்கு வரட்டும், விண்ணப்பிக்கலாம்

புள்ளிவிவரப் புலியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததே இல்லை என்றால் நம்பமாட்டேன். வீட்டுக்கு ஒன்று இல்லாவிட்டாலும் அலுவலகத்துக்கு ஒன்று நிச்சயம். காட்டுப் புலிக்கு வரி உடம்பில் இருக்கும். இதற்கு வரி கணினித் திரையில் இருக்கும். காட்டுப் புலி இரையைக் கண்டால் பாயும். இது இரையைக் கண்டால் அதன் எடை, உயரம், கடந்த ஐந்தாண்டில் ஓடிய வேகம், பக்கத்துக் காட்டு இரையோடு ஒப்பிட்டால் கொழுப்பு எத்தனை சதவீதம் என்றெல்லாம் குறித்துக்கொண்டு, விவரம் போதவில்லை என்று மறுபடி குகைக்குள் போய்விடும். இரை வயதாகித் தானாகச் செத்துப்போகும்.

எங்கள் கிளினிக்கில் ஒன்று இருந்தது. பெயர் கோல்பி ரேட்லிஃப்.

கிளினிக் என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். கென்டக்கியின் கிழக்கு மலையில், டயர் கடைக்கும் பாப்டிஸ்ட் சர்ச்சுக்கும் நடுவில் ஒரு தட்டைக் கட்டடம். டாக்டர் ஆர்லா பிளெவின்ஸ் வைத்து நடத்துகிறார். முன்மேசையில் பத்தொன்பது வருடமாக நான், டீனா. டாக்டரின் பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று இரண்டு எழுத்து இருக்கும். ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்று பொருள். எல்லா டாக்டரையும் போல மருந்து எழுதுவார், காயம் தைப்பார். கூடவே, சுரங்கத்தில் முப்பது வருடம் குனிந்தே கிடந்த முதுகைக் கையாலேயே நீவி நிமிர்த்தவும் தெரியும். எங்கள் பக்கத்தில் டாக்டர் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டெழுத்துக்காரர்கள்தான். மற்றவர்களுக்கு மலை ஏறினால் காது அடைத்துக்கொள்ளும்போல.

கோல்பிக்கும் அந்த இரண்டெழுத்துதான் வேண்டும். அதற்காகத்தான் எங்களிடம் வந்தான். டாக்டர் நோயாளியோடு பேசப் பேச, பக்கத்தில் உட்கார்ந்து கணினியில் குறிப்பெடுக்கிற வேலை. "ஒரு வருஷம் அனுபவத்துக்கு இருந்துட்டு அப்ளை பண்ணிடுவேன்" என்று சொல்லிச் சேர்ந்தான். சேர்ந்தபோது இருபத்து மூன்று வயது. நான் சொல்லப்போகிற சமயத்தில் இருபத்தொன்பது.

இடையில் ஆறு வருடம் என்ன செய்தான்? ஒப்பிட்டான்.

அவனிடம் ஓர் அட்டவணை இருந்தது. நாட்டில் இருக்கிற ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். நாற்பத்தொரு வரிசை, அறுபத்திரண்டு கட்டம். நுழைவுத்தேர்வு சராசரி, கல்லூரி மதிப்பெண் சராசரி, அதில் அறிவியல் மட்டும் தனியாக, வந்த விண்ணப்பம், கூப்பிட்ட நேர்காணல், கொடுத்த இடம், உண்மையில் வந்து உட்கார்ந்தவர்கள், பாதியில் போனவர்கள், முடித்தவர்கள், முடித்தபின் பயிற்சி மருத்துவராக இடம் கிடைத்தவர்கள், உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை உண்டா, உண்டென்றால் எத்தனை சதவீதம். உங்கள் மதிப்பெண்ணை மேலே ஒரு கட்டத்தில் போட்டால் போதும். அட்டவணை முழுக்க நிறம் மாறும். பச்சை என்றால் போ. மஞ்சள் என்றால் யோசி. சிவப்பு என்றால் வேறு தொழில் பார்.

இந்த இனத்தோடு பேசுவதற்கு ஒரு பொறுமை வேண்டும். காத்திருப்பு அறையில் ஒரு பெரியவர் ஒருநாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, மழை வருமாப்பா?"

"நாற்பது சதவீதம்."

"அப்ப நான் குடை எடுத்துக்கணுமா, வேண்டாமா?"

"அது எந்த நிலையத்துக் கணக்குங்கிறதைப் பொறுத்தது."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் என் குடையைக் கொடுத்து அனுப்பினேன்.

ஒவ்வொரு மே மாதமும் எங்களுக்கு ஒரு சடங்கு உண்டு. மே மாதம்தான் விண்ணப்பம் திறக்கும். கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பொது விண்ணப்பம். நிரப்பி, எந்தெந்தக் கல்லூரி என்று தொட்டுவிட்டு அனுப்பவேண்டியதுதான். நான் கேட்பேன்.

"கோல்பி, இந்த வருஷமாவது?"

"இப்ப கையில இருக்கிறது போன வருஷத்துக் கணக்கு, டீனா. பழசை வச்சு எப்படி முடிவு பண்றது? புதுக் கணக்கு வரட்டும்."

புதுக் கணக்கு இலையுதிர்காலத்தில் வரும். வந்ததும் கேட்பேன்.

"இனிமே லேட். அப்ளிகேஷன் வரவர இவங்க இடத்தை நிரப்பிடுவாங்க. இப்ப அனுப்பினா நாமளே நம்ம வாய்ப்பைக் குறைச்சுக்கிற மாதிரி. மே மாசம் பார்த்துக்கலாம்."

மே மாதம் அந்தப் புதுக் கணக்கு பழசாகியிருக்கும்.

அவனை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் தப்புச் செய்வீர்கள். எண்களின் பொய்யைக் கண்டுபிடிப்பதில் அவனுக்கு நிகர் கிடையாது. ஒரே கல்லூரிக்கு ஓரிடத்தில் சராசரி ஐந்நூற்றிரண்டு என்று போட்டிருக்கும், இன்னோரிடத்தில் ஐந்நூற்று நான்கு, மூன்றாவதில் ஐந்நூற்றேழு. நீங்களும் நானும் நடுவில் இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அவன் விடமாட்டான். இரண்டு வாரம் நோண்டி, முதலாவது வந்து சேர்ந்தவர்களின் சராசரி, இரண்டாவது இடம் கொடுக்கப்பட்டவர்களின் சராசரி, மூன்றாவது எவனோ ஒருவன் ஏழு வருடத்துக்கு முன்னால் வேறு கல்லூரியின் எண்ணைத் தப்பாக எடுத்து ஒட்டியது, அதை இன்றுவரை பதினொரு இணையதளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்துக்கொண்டிருக்கின்றன என்று வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைப்பான். "எங்கள் மாணவர்களில் தொண்ணூற்றெட்டு சதவீதம் பேருக்குப் பயிற்சி இடம்" என்று ஒரு கல்லூரி பெருமையடித்தால், "யாரில் தொண்ணூற்றெட்டு? கடைசி வருஷம்வரை தாக்குப்பிடிச்சவங்கள்லயா, முதல் வருஷம் சேர்ந்தவங்கள்லயா?" என்று கேட்பான். ஒரு கல்லூரியின் விளம்பரத்தில் சதவீதங்களைக் கூட்டினால் நூற்று மூன்று வருகிறது என்று கடிதம் எழுதினான். அவர்கள் நன்றி சொல்லி ஒரு காபிக் கோப்பை அனுப்பினார்கள்.

அவன் சொன்னதெல்லாம் சரி. சரியைத் தவிர அவன் வேறெதுவும் சொல்லிக் கேட்டதில்லை. அதுதான் கஷ்டமே.

இந்த நேரத்தில்தான் கெண்ட்ரா வருகிறாள்.

கெண்ட்ரா மலின்ஸ் எங்களிடம் ரத்தம் எடுக்கிறவள். இருபத்தைந்து வயது. நரம்பே தெரியாத கிழவர்களின் கையில்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவாள், பேசிக்கொண்டே எடுப்பாள், எடுத்து முடித்தபின்தான் அவர்கள் "இன்னும் குத்தலையா?" என்பார்கள். வேலைக்கு நடுவே படித்து நுழைவுத்தேர்வு எழுதியிருந்தாள். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. அது ஒரு விசித்திரமான தேர்வு. ஒன்றும் எழுதாமல் கொட்டாவி விட்டுவிட்டு வந்தாலும் நானூற்று எழுபத்திரண்டு கொடுப்பார்கள். எல்லாம் தெரிந்தவனுக்கும் ஐந்நூற்று இருபத்தெட்டுக்கு மேல் கிடையாது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

மதியம் சாப்பாட்டு மேசையில் பீன்ஸ் சூப்பும் சோளரொட்டியுமாக உட்கார்ந்திருந்தோம். கெண்ட்ரா கேட்டாள்.

"கோல்பி, என் மார்க்கைப் போட்டுப் பாரேன்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தான். இந்த இனத்துக்கு இதைவிட மகிழ்ச்சி கிடையாது. போட்டான். மேலிருந்து கீழே, நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் வரிசையாக பிரேக் விளக்கு எரியுமே, அப்படிச் சிவந்துகொண்டே போயிற்று. முப்பத்தெட்டு சிவப்பு. இரண்டு மஞ்சள்.

"அதோ ஒண்ணு பச்சையா இருக்கே!"

"அது புதுக் காலேஜ். இன்னும் கட்டடமே கட்டல. கணக்கு இல்லாததால பச்சை."

"சரி, அந்த மஞ்சள்?"

"ரெண்டும் அந்தந்த ஸ்டேட் ஆளுங்களுக்குத்தான் முன்னுரிமை. நம்மளை உள்ளயே விடமாட்டாங்க." அவன் குரலில் கொடுமை ஒன்றும் இல்லை. ஆழத்தில் நிற்கிறவளைக் கரைக்குக் கூப்பிடுகிற குரல். "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத, கெண்ட்ரா. சராசரியைப் பாரு. எதுலயும் நீ சராசரிக்குக் கிட்டக்கூட இல்ல. பணமும் போயி, மனசும் உடைஞ்சு... எதுக்கு? மறுபடி எழுது."

"மறுபடி எழுதினா?"

"ஐந்நூத்தி அஞ்சு எடுத்தா யோசிக்கலாம்."

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. அறுபத்திரண்டு கட்டம் போட்டவனிடம், ஒரு கட்டமும் போடாத நான் என்ன சொல்ல? டாக்டரிடம் கேட்டாள் கெண்ட்ரா. டாக்டர் பிளெவின்ஸ் ஒருவருடைய கழுத்தைத் திருப்பிக்கொண்டே, "என் காலத்துல ஒரு லெட்டர் போட்டேன், வரச்சொன்னாங்க, போனேன். இப்ப எப்படின்னு எனக்கென்ன தெரியும்? கோல்பியைக் கேளு" என்றார். எல்லாரும் கோல்பியைத்தான் கேட்கச்சொன்னோம்.

கெண்ட்ரா அந்த வருடம் விண்ணப்பிக்கவில்லை.

ஒரு வருடம். எண்ணிப் பாருங்கள், இருபத்தைந்தில் ஒரு வருடம் எவ்வளவு பெரியது. காலை ஐந்து மணிக்கு எழுந்து படித்தாள். மறுபடி எழுதினாள். ஐந்நூறு வந்தது. இரண்டு மதிப்பெண்தான் கூடியது. அதற்குள் கல்லூரிகளின் சராசரியும் ஒன்றிரண்டு ஏறியிருந்தது. அட்டவணை அதே சிவப்பு. மஞ்சளில் ஒன்று குறைந்திருந்தது. புதுக் கல்லூரிக்கு இப்போது அஸ்திவாரம் போட்டிருந்தார்கள்.

"பரவால்ல" என்றாள் கெண்ட்ரா. அன்று அவள் முதன்முறையாக ஒரு நோயாளியை இரண்டுதடவை குத்தினாள்.

பிறகு, நல்லவேளையாக, நீதிமன்றம் கோல்பியைக் கூப்பிட்டது. குற்றம் ஒன்றும் செய்யவில்லை. ஊர்க்காரர்களையே உட்காரவைத்துக் குற்றவாளியா இல்லையா என்று கேட்பார்களே, அந்த ஜூரியில் உட்கார அழைப்பு. யாரோ யாருடைய டிரக்கையோ எடுத்து ஓட்டிப்போய் ஓடையில் இறக்கிய வழக்கு, ஊருக்கே தெரியும் யார் என்று. ஒரு மதியத்தில் முடியவேண்டியது. மூன்று நாள் இழுத்தது. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவேண்டும் என்று நீதிபதி சொன்னாராம். நியாயமான சந்தேகம் என்பது எத்தனை சதவீதம் என்று ஜூரியிலிருந்து ஒரு சீட்டு போயிற்றாம். எழுதியது யார் என்று நான் சொல்லவேண்டுமா?

அந்த மூன்று நாளும் அவன் கைப்பேசி நீதிமன்ற வாசலிலேயே வாங்கி வைக்கப்பட்டது. இரண்டாம் நாள் மதியம் கெண்ட்ராவுக்கு ஒரு சந்தேகம். எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்டியோபதிக் கல்லூரி இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்தக் கல்லூரியின் சராசரி ஐந்நூற்றைந்து என்று அட்டவணையில் இருந்தது. அது யாருடைய சராசரி? கேட்க கோல்பி இல்லை. என் மேசைத் தொலைபேசியை எடுத்தாள்.

"யாருக்கும்மா பண்ற?"

"அந்தக் காலேஜுக்கே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏழு வருடத்தில் எங்கள் யாருக்கும் தோன்றாத யோசனை. கல்லூரிக்கு ஒரு தொலைபேசி இருக்கும், அதை ஒரு மனுஷி எடுப்பாள் என்று.

எடுத்தாள். சேர்க்கை அலுவலகத்தில் வேலைபார்க்கிற ஒரு பெண். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள், சாப்பாட்டு நேரம். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு கெண்ட்ரா கேட்டாள்.

"உங்க வெப்சைட் பக்கத்துல ஐந்நூத்தி அஞ்சுன்னு போட்டிருக்கே, அது யாரோட மார்க்குங்க?"

"அதுவா கண்ணு? அது நாங்க இடம் கொடுத்தவங்களோடது. அதுல பாதிப் பேர் வேற பெரிய காலேஜ் கிடைச்சதும் டாட்டா காட்டிட்டுப் போயிடுவாங்க. வந்து நாற்காலில உக்காந்தவங்க சராசரி ஐந்நூத்தி ஒண்ணு."

"அதை ஏங்க போடல?"

"விளம்பரத்துக்கு எதைப் போடுவாங்க? நீ உன் நல்ல போட்டோவைத்தானே வெளிய வைப்பே? ஆனா நாங்க ஒண்ணும் ஒளிச்சு வைக்கல. எல்லாக் காலேஜுக்கும் பொதுவா ஒரு சங்கம் இருக்கில்ல, வருஷா வருஷம் அதுக்கு முழுசா எழுதி அனுப்பறோம். எல்லாரும் ஒரே படிவத்துல அனுப்பறது. அதைப் பாரு. எங்க பளபளா பக்கத்தைப் பார்க்காத. இன்டர்நெட்டுல இருக்கிற அரட்டைக் குழு எதையும் பார்க்காத, சொல்லிட்டேன்."

"ஏங்க?"

"அங்க வந்து மார்க் சொல்றவன் யாரு? ஐந்நூத்திப் பதினாலு எடுத்துட்டு, எனக்குக் கிடைக்குமான்னு அழறவன். நானூத்தித் தொண்ணூத்தாறு எடுத்து இடம் கிடைச்சவன் அங்க வந்து ஏன் சொல்லப்போறான்? அவன் இங்க பிணத்தை அறுத்துக்கிட்டிருக்கான்."

கெண்ட்ரா மெதுவாகக் கேட்டாள். "நானூத்தித் தொண்ணூத்தாறுக்குக் கிடைச்சிருக்கா?"

"போன வருஷம் கீழ இருந்து எண்ணினா நாலஞ்சு பேர் அந்தப் பக்கம்தான். நீ எவ்வளவு?"

"ஐந்நூறு. ஆனா சராசரிக்குக் கீழ இருக்கேங்க."

அந்தப் பெண் மெல்வதை நிறுத்தினாள். "கண்ணு, சராசரின்னா என்ன? கிட்டத்தட்டப் பாதிப் பேர் அதுக்குக் கீழ இருந்தாத்தானே அதுக்குப் பேரு சராசரி? அந்தப் பாதிப் பேரும் இங்கதான் கிளாஸ்ல உக்காந்திருக்காங்க. நீ எந்த ஊரு?"

கெண்ட்ரா சொன்னாள்.

"அட! எங்க சித்தி வீடு அங்கதான். அந்த மலைக்கு யாரும் திரும்பிப் போகமாட்டேங்கிறாங்கன்னுதான் எங்க காலேஜ் டீன் புலம்பிக்கிட்டிருக்கார். நீ படிச்சிட்டுத் திரும்பிப் போவியா?"

"நான் இங்கேயேதான் இருக்கேன்."

"அதுக்கெல்லாம் ஒரு கட்டமும் கிடையாது பாரு, அந்தப் பக்கத்துல. அப்ளை பண்ணித் தொலை."

வைத்துவிட்டாள். ஏழு நிமிடம். கெண்ட்ரா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபமா சந்தோஷமா என்று முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் டிரக் திருடன் குற்றவாளி என்று முடிவாகி, நான்காம் நாள் காலை கோல்பி வேலைக்கு வந்தான். கோட்டைக் கழற்றுமுன் கெண்ட்ரா அவன்முன் நின்றாள்.

"சராசரிக்குக் கீழ பாதிப் பேர் இருப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஐந்நூத்தி அஞ்சுங்கிறது வந்து சேர்ந்தவங்களோடது இல்லன்னு?"

"தெரியும். இருபத்தேழாவது கட்டத்துல தனியா இருக்கே."

"அப்ப ஏன் எனக்குச் சிவப்பு போட்ட?"

கோல்பி கோட்டுப் பொத்தானைத் திருகினான். "பாதுகாப்பா இருக்கட்டும்னு... கொஞ்சம் கெட்டியா வச்சேன் அளவை. உனக்கு ஏமாற்றம் வரக்கூடாதுன்னு."

"ஏமாற்றம் வந்துச்சே! ஒரு வருஷம் முழுக்க வந்துச்சே! காலேஜ்காரங்க சொல்லவேண்டிய 'இல்ல'யை அவங்களுக்கு முன்னாடி நீ ஏன் சொன்ன?"

நான் தொலைபேசி அடித்ததுபோல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட நேரத்தில் முன்மேசைக்காரர்கள் அப்படித்தான் செய்வோம்.

"சரி" என்றாள் கெண்ட்ரா. "உன் மார்க்கைப் போடு."

"என்னுது எதுக்கு இப்ப..."

"போடு."

ஏழு வருடமாக அவன் பக்கத்தில் வேலை செய்கிறோம். அவன் மதிப்பெண் என்னவென்று எங்கள் யாருக்கும் தெரியாது. குறைவாக இருக்கும், பாவம், அதனால்தான் இப்படி என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் போட்டான். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. மேலிருந்து கீழே அட்டவணை பச்சை பச்சையாகப் போயிற்று. மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை. வசந்தகாலத்தில் எங்கள் மலை அப்படித்தான் இருக்கும்.

காதில் வைத்த தொலைபேசியை நான் கீழே வைத்துவிட்டேன்.

"இது எப்ப எழுதினது?" கெண்ட்ராவின் குரல் இறங்கிவிட்டது.

"போன வருஷம். இது ரெண்டாவது தடவை. முதல் தடவை எழுதினது மூணு வருஷம் ஆயி செல்லாமப் போச்சு."

"அது எவ்வளவு?"

"ஐந்நூத்திப் பதினொண்ணு."

உள்ளேயிருந்து டாக்டர், "கோல்பி, வர்றியா இல்லையா?" என்று கத்தினார். அவன் திரும்பாமலே சொன்னான், எங்களுக்குச் சொன்னானா அட்டவணைக்குச் சொன்னானா தெரியாது: "எல்லாம் பச்சையா இருந்தும் வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா, அப்புறம் நான் எதைக் காரணம் சொல்றது?"

கெண்ட்ரா அவன் மடிக்கணினியை மெதுவாக மூடினாள். அந்த மே மாதம் பொது விண்ணப்பத்தை நிரப்பினாள். சங்கத்தின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, வந்து சேர்ந்தவர்களில் கடைசிப் பத்துப் பேர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, ஏழு கல்லூரிகளைத் தொட்டு அனுப்பினாள். ஐந்திலிருந்து வேண்டாம் என்று வந்தது. ஒன்றிலிருந்து எதுவுமே வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி நேர்காணலுக்குக் கூப்பிட்டது, போனாள், காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள்.

அடுத்த ஜூலைவரை காத்திருந்தாள். கோல்பி தன்னையறியாமல் ஒருநாள் சொல்லிவிட்டான்: "இத்தனாம் தேதிக்குமேல காத்திருப்புப் பட்டியல்லேர்ந்து கூப்பிடறது ஒன்பது சதவீதம்தான்." சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டான். வியாழக்கிழமை காலை, ஒரு சுரங்கக் கிழவரின் கையில் ஊசி இருக்கும்போது அவள் பையில் தொலைபேசி அடித்தது. "எடும்மா, நான் எங்க ஓடிடப் போறேன்" என்றார் கிழவர். ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தி, கிழவரின் விரலை அதன்மேல் வைத்துவிட்டு எடுத்தாள். கேட்டாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் ஓடிவந்து மயக்கமோ என்று நாடி பார்த்தார். கிழவர்தான் முதலில் கைதட்டினார். பஞ்சு கீழே விழுந்து, ரத்தம் என் கோப்புவரை வந்தது.

கோல்பியைக் காணோம். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"ஒன்பது சதவீதம்னு சொன்னேன், டீனா."

"ஆமா."

"அது தப்பில்ல."

"தப்பில்லதான், கோல்பி."

"ஆனா நூறு பேர்ல ஒன்பது பேர் யாராவது இருந்தாகணுமில்ல. நான் அவங்களை ஆளா நினைச்சதே இல்ல." கொஞ்சநேரம் டயர் கடையைப் பார்த்தான். "வசந்தத்துல என் மார்க் செல்லாமப் போயிடும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்தொன்பது வருடத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

மதியம் விண்ணப்பத்தைத் திறந்தான். எண் கேட்கும் இடமெல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு ஒரு பெரிய வெற்றுப் பெட்டி வந்தது: நீங்கள் ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்? அதற்கு அவனிடம் கட்டம் இல்லை. நான்கு நாள் அந்தப் பெட்டியின்முன் உட்கார்ந்தான். ஐந்தாம் நாள் என்னிடம் படிக்கக் கொடுத்தான். அவன் எழுதியதில் ஒரே ஒரு எண்தான் இருந்தது: ஐம்பத்திரண்டு. அவனுக்குப் பதினாறு வயதில், சமையலறையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் மலை ஏறி வர ஆன நிமிடங்களை அவன் சுவர்க் கடிகாரத்தில் எண்ணியிருக்கிறான்.

நான் படித்துவிட்டு, எழுத்துப்பிழை ஒன்றைக் காட்டினேன்.

மூன்று கல்லூரிக்கு அனுப்பினான். மூன்றும் அழுத்தமான பச்சை. இரண்டு கல்லூரிகள் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடாமல் வேண்டாம் என்றன. முதல் கடிதம் வந்தபோது அவன் முகத்தைப் பார்த்து நானும் டாக்டரும் பயந்துபோனோம். படித்தான். இன்னொருதடவை படித்தான். "வேண்டாமாம்" என்றான். பிறகு அடுத்த நோயாளி உள்ளே போய்விட்டார் என்று எழுந்து போனான். அவ்வளவுதான். இத்தனை வருடமாகப் பயந்த பேய் வந்து, கதவைத் தட்டி, ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. கூரை இடியவில்லை. மூன்றாவது கல்லூரி கூப்பிட்டது, இடம் கொடுத்தது, போன ஆகஸ்டில் சேர்ந்துவிட்டான். முதல் தேர்வில் வகுப்பின் சராசரிக்குச் சற்றுக் கீழே என்று கெண்ட்ராவுக்குச் செய்தி அனுப்பினானாம். "வா, நம்ம பக்கம்தான் கூட்டம்" என்று அவள் பதில் போட்டாளாம். அவள் இப்போது இரண்டாம் வருடம்.

கோல்பி கரையேறிவிட்டான், அவனை விடுங்கள். எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான். குளிர்பதனப்பெட்டி வாங்க நினைத்து எத்தனை மாதமாகிறது? ஐந்து நட்சத்திரம் போட்டவனை நம்பமுடியாது, ஒற்றை நட்சத்திரம் போட்டவனுக்கு ஏதோ காழ்ப்பு, மூன்று நட்சத்திரம் போட்டவன் நியாயஸ்தன், ஆனால் அவன் சொன்னது பழைய மாடலைப் பற்றி என்று இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்களா, பால் திரிந்துகொண்டிருக்கிறதா? அதுகூடப் போகட்டும். உங்களிடம் இன்னொன்று இருக்கும், யாரிடமும் சொல்லாதது. போகவேண்டிய படிப்பு, விடவேண்டிய வேலை, எழுதவேண்டிய கடிதம். அதற்கும் ஏதோ ஒரு புதுக் கணக்கு வரவேண்டும் என்றுதானே காத்திருக்கிறீர்கள்?

நானா, நான் அந்த இனமே இல்லை என்று தலையாட்டுகிறீர்கள். நல்லது. ஆனால் தலையாட்டும்போதே இது முடிய இன்னும் எத்தனை வரி பாக்கி என்று உங்கள் கண் கீழே ஓடிற்று, பார்த்துவிட்டேன். ஒன்றும் பாக்கியில்லை. எழுந்து போய் அதை அனுப்பிவிட்டு வாருங்கள்.